மடித்துத் தைத்த இரண்டு கோடுகள்

உடற்கல்வி ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் ஆண்டு மலருக்கு என் பணி அனுபவத்தை நாலு பக்கத்தில் எழுதித் தரும்படி உங்கள் சங்கச் செயலாளர் கேட்டார். விசில் ஊதுவதும் சுண்ணாம்புக் கோடு போடுவதும் நீங்கள் கற்றுக்கொண்டு வந்தவைதான். அதை எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். ஒரே ஒரு சாயங்காலத்தைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் காரியத்தில் நான் செய்த தப்பு ஒன்று, முரட்டுத்தனம் ஒன்று. தப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. முரட்டுத்தனத்தை நினைத்து ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். 'கொஞ்சம் அனுசரித்துப் போங்க மாஸ்டர்' என்று என்னிடம் சொல்லாத தலைமை ஆசிரியர் கிடையாது. அனுசரித்துப் போயிருந்தால் இரண்டு இன்கிரிமெண்ட் கூடுதலாக வாங்கியிருப்பேன், வேறொன்றும் ஆகியிருக்காது. உங்களையும் அனுசரித்துப் போகச் சொல்வார்கள். எதில் போகலாம், எதில் போகக் கூடாது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஊரில் வருஷா வருஷம் நடக்கும் கால்பந்துப் போட்டிக்குத் துணைச் செயலாளராகவும் இருந்தேன். துணைச் செயலாளர் என்றால் கேலரிக்கு மூங்கில் பேசுவது முதல் பந்துக்குக் காற்றடிப்பது வரை எல்லாம் என் தலையில். தலைவராக இருந்தவர் பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பெரியவர். தங்கமான மனிதர். ஆனால் எதிரில் நிற்பவர் முகம் கோணிவிட்டால் அவருக்குத் தாங்காது. காலையில் ஒருவருக்குத் தலையாட்டுவார், மத்தியானம் அதற்கு நேர் எதிரானவருக்கும் தலையாட்டுவார்.

அந்த வருஷம், 1959-ல், இலங்கையிலிருந்து ஒரு அணியைக் கூப்பிட்டிருந்தோம். அதற்கு முந்தின வருஷம்தான் அங்கே தமிழர்களை அடித்து, வெட்டி, வீடுகளைக் கொளுத்திய கலவரம் நடந்திருந்தது. என் அக்கா வீட்டுக்காரர் கொழும்பில் வைத்திருந்த பலசரக்குக் கடை அதில் எரிந்து போயிற்று. அத்தான் கட்டின வேட்டியோடு கப்பலேறி, அங்கிருந்து போட் மெயில் ரயிலில் வந்து திருச்சி ஜங்ஷனில் இறங்கினார். அதிலிருந்து உறையூரில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அதனால் அந்த நாட்டுக் கொடி மேல் எனக்கு என்ன பிரியம் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இலங்கைக்காரர்கள் எழுதிய கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. திறப்பு விழாவில் இரண்டு நாட்டுக் கொடியும் ஒரே அளவில், ஒரே உயரத்தில் பறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட மாட்டார்கள். கொடி எப்படி இருக்க வேண்டும் என்று வர்ணத்தில் எழுதிய படம் ஒன்றையும் கூட வைத்திருந்தார்கள். தலைவர் அதை என்னிடம் கொடுத்து, "கொடி வேலைய நீங்களே பாத்துக்குங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதிப் பக்கம் ஒரு தையல்காரர் இருந்தார். தேருக்குக் கட்டும் சீலை, அதைச் சுற்றித் தொங்கும் துணித் தொம்பைகள், இதெல்லாம் தைக்கிற குடும்பம். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் கொடி தைப்பார். துணியை வெட்டி ஒட்டுப் போட்டுத் தைத்தே யாளியையும் கருடனையும் கொண்டுவந்துவிடுவார். சிங்கம் போட்ட கொடிக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது என்று படத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நம் கொடிக்கும் துணி வாங்கிக் கொடுத்தேன். ஆறடிக்கு நாலடி, இரண்டும் ஒரே அளவு என்று இரண்டு தரம் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். முதலில் நம் மூவர்ணத்தை விரித்துப் போடச் சொல்லி டேப்பை வைத்து அளந்தேன். மூன்று பட்டையும் சமமா, சக்கரம் நட்ட நடுவில் இருக்கிறதா, ஆரக்கால் இருபத்துநான்கும் சரியா என்று விரல் வைத்து எண்ணினேன். தையல்காரர் சிரித்தார். பிறகு இலங்கைக் கொடியை விரித்தார். செக்கச் செவேலென்ற துணி, சுற்றிலும் மஞ்சள் கரை, நடுவில் கையில் வாளோடு சிங்கம். சிங்கத்துக்குக் கோயில் யாளியின் உருண்டைக் கண்ணை வைத்திருந்தார். பின்பக்கம் கம்பு நுழைக்கிற பட்டி. அது உரசிக் கிழியாமலிருக்க மேலே காடாத் துணியை வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தார்.

"காவேரிக் காத்துக்கே தாங்கும் சார்" என்றார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டபோது இலங்கைக் கொடி நீளத்தில் கொஞ்சம் குட்டையாக இருப்பது எனக்குத் தெரிந்தது. ஒரு சாணுக்கு மேலேயே குட்டை. என் கையில் டேப் இருந்தது. நான் அளக்கவில்லை. ஏன் அளக்கவில்லை என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. நம் கொடி பெரிதாக இருப்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அத்தான் கடையைக் கொளுத்திய ஊரின் கொடி ஒரு சாண் குறைந்தால் யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். படத்தை வாங்கி ஒரு தரம் ஒத்துப் பார்த்திருந்தால் போதும். அதையும் செய்யாமல் இரண்டையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு காவேரிப் பாலத்தில் சீட்டியடித்தபடி வந்தேன்.

திறப்பு விழா நாள் வந்தது. காலையில் நான் கொடிகளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையை விட்டுத் தலையை நிமிர்த்தாமலே, "அந்தக் கொடிய நீயா ஏத்தப் போற மாப்ள?" என்று கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆட்டம் நாலே முக்காலுக்கு. எழுபது நிமிஷம். மைதானத்தில் விளக்கு கிடையாது. ஐந்தேகாலுக்கு மேல் தொடங்கினால் கடைசியில் பந்து கண்ணுக்குத் தெரியாது. மூன்றரைக்கே கேலரி நிறைந்துவிட்டது. வாசலில் முப்பது நாற்பது இளவட்டங்கள் கறுப்புக் கொடியோடு நின்று, சிங்கக் கொடி ஏறக் கூடாது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவன் பன்னீர். என்னிடம் படித்தவன். பள்ளிக்கூட அணியில் நான் வைத்த ஹாஃப் பேக். அப்போது ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தான்.

என்னைப் பார்த்ததும் வழி விட்டான். "சார், வேற யாராவது ஏத்துனா கல்லடி கொடுத்திருப்போம். நீங்க போயி இதுல நிக்கறீங்களே. உங்க வீட்டு மனுஷன் கடையத்தானே எரிச்சாங்க?"

"ஆட வந்தவன் விருந்தாளிடா. விலகி நில்லு" என்றேன். சொன்னேனே தவிர, மனசுக்குள் அவன் பக்கம்தான் பாதி இருந்தேன்.

உள்ளே தலைவர் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கொடியும் வேண்டாம், மாலை மட்டும் போட்டு ஆரம்பித்துவிடலாம் என்றார். இலங்கை அணியின் மேனேஜர் சிங்களவர், நடுத்தர வயது, கோட்டும் டையும் போட்டிருந்தார். அவர் ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார்: கொடி இல்லையென்றால் நாங்கள் ராத்திரி ரயிலுக்குத் திரும்பிவிடுகிறோம். தலைவர் உடனே, சரி, கொடி இருக்கட்டும் என்றார். நான் கேலரி முன்னால் போய் ஒரே உயரத்துக்கு வெட்டி வைத்திருந்த இரண்டு சவுக்குக் கம்பங்களில் கொடிகளைக் கோத்தேன். தரையில் படுக்க வைத்திருந்தேன். விழா தொடங்கும்போது தூக்கிக் குழியில் நட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது இலங்கை அணியின் கோல்கீப்பர், உடை மாற்றும் கொட்டகையிலிருந்து என்னிடம் வந்தார். பெயர் தில்லையம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். அந்த அணியில் தமிழர் அவர் ஒருவர்தான். ஆறடி உயரம், கையைக் கட்டிக்கொண்டு நின்று கொடியையே பார்த்தார்.

"மாஸ்டர், ஒரு நிமிசம் கதைக்கலாமோ?"

"சொல்லுங்க."

"எங்கட கோடு ரெண்டும் எங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் குனிந்து கொடியின் கம்பப் பக்கத்தைத் தொட்டார். "இந்தப் பக்கம் ஒரு பச்சைக் கோடும் ஒரு காவிக் கோடும் இருக்க வேணும். பச்சை அங்கயுள்ள முஸ்லிம் ஆக்களுக்கு. காவி தமிழருக்கு. சுதந்திரம் கிடைச்ச நேரம் சிங்கம் மட்டும்தான் இருந்தது. எங்கட ஆக்கள் கேட்டுக் கேட்டுப் பிறகு வைச்சது. நீங்கள் ஏத்தப் போறது பழைய கொடி."

தான் தைத்த கொடி பறப்பதைப் பார்க்கத் தையல்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கேலரியில் வந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன். படத்தையும் பையில் பத்திரமாக வைத்திருந்தார். விரித்தால் கோடுகள் இரண்டும் அதில் தெளிவாக இருந்தன.

"தச்சிருக்கேனே சார்" என்றார் அவர். கொடியைத் திருப்பிப் போட்டுக் காடாத் துணியைத் தட்டிக் காட்டினார். "இதுக்குள்ள ரெண்டு கலரும் இருக்கு. கம்புப் பக்கம் தனித் துணி வச்சா அது கம்பு நுழையற பட்டிதானே? எங்க அப்பா காலத்துலேருந்து எந்தக் கொடிக்கும் அப்படித்தான். பட்டிய மடிக்காம கம்பு எப்படி சார் நுழையும்?"

அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. தேர்ச்சீலைக்கும் கட்சிக் கொடிக்கும் அதுதான் முறை. அந்தப் படத்தில் இருந்த இரண்டு கோடும் இரண்டு ஜனங்களுக்கானவை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளும் அக்கறையும் இருக்கவில்லை. ஒரு சாண் ஏன் குறைந்தது என்பது இப்போதுதான் விளங்கியது.

மேனேஜரும் தலைவரும் வந்தார்கள். மேனேஜர் படத்தையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். கம்பத்தில் கோத்தபோதே கவனித்திருந்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இது உங்கள் தவறு, நாளைக்குத் திருத்திவிடுங்கள், இன்றைக்கு நேரமாகிவிட்டது, இப்படியே ஏற்றலாம் என்றார். தலைவருக்கு உயிர் வந்தது. "அதானே மாஸ்டர், தூரத்துலேருந்து பாக்கற ஜனங்களுக்கு என்ன தெரியப் போவுது?"

தில்லையம்பலம் சொன்னார்: "இந்தக் கொடிக்குக் கீழ நான் நிக்க மாட்டன்."

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. அணிவகுப்பில் நிற்காவிட்டால் நான் ரிப்போர்ட் எழுத வேண்டியிருக்கும், எழுதினால் உன் வேலை என்னாகும் என்று உனக்கே தெரியும் என்றார். அரசாங்க வேலையில் இருக்கும் தமிழர்கள் சிங்களப் பரீட்சை எழுதியாக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்திருந்த காலம். தில்லையம்பலம் எழுதவில்லை. கோல்கீப்பர் என்பதால் மேலதிகாரிகள் கண்டும் காணாமலும் விட்டிருந்தார்கள். ஒரு ரிப்போர்ட் போனால் அதோடு சரி.

அவர் மேனேஜருக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் பேசினார். "போன வருசம் அம்மாவைக் கப்பலில ஏத்தி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப்போட்டு, நான் திரும்பிக் கொழும்புக்கு வேலைக்குப் போனனான். ஏன் அங்க போறாய் எண்டு ஊரில எல்லாரும் கேட்டவை. அந்தக் கொடியில எங்கட கோடும் இருக்கு, அது எனக்கும் நாடுதான் எண்டு சொல்லிப்போட்டுப் போனனான். இப்ப கோடில்லாத கொடிக்குக் கீழ நிண்டு படம் எடுத்தா, அவைக்கு என்ன சொல்லுறது மாஸ்டர்?"

மணி நாலு நாற்பது. கேலரியில் சீட்டி பறந்தது. தலைவர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். "ஒரு ஆளுக்காக எல்லாத்தையும் நிறுத்துவீங்களா? தையக்காரன் தப்புப் பண்ணிட்டான்னு நாளைக்கு ஒரு லெட்டர் போட்டுடலாம். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

அங்கேதான் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கம்பத்திலிருந்து கொடியை உருவி எடுத்து வந்தேன். "ஐயா, இந்தக் கொடி இப்படியே ஏறாது. ஏத்தறதுன்னா என்னைத் தூக்கிப் போட்டுட்டு ஏத்துங்க" என்றேன். கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். அந்தப் பெரியவர் என்னை விட முப்பது வயது மூத்தவர். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இருபது நிமிஷம் தருகிறேன் என்றார்.

கேலரியின் முன்னாலேயே புல்லில் கொடியை விரித்தோம். தையல்காரர் என் விளையாட்டுச் சாமான் பெட்டியிலிருந்த பிளேடை வாங்கிக் காடாத் துணியைப் பிரிக்க உட்கார்ந்தார். காவேரிக் காற்றுக்குத் தாங்கும் இரட்டைத் தையல், சும்மா வருமா? நானும் தில்லையம்பலமும் துணியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்தோம். ஒரு இடத்தில் அவர் பல்லால் கடித்து நூலை அறுத்தார். முதலில் பச்சை ஓரம் எட்டிப் பார்த்தது. தையல்காரர், "இதோ, சொன்னேன்ல சார், இருக்குன்னு" என்று முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார்.

இதை வாசலிலிருந்து பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்? டிரில் மாஸ்டர் சிங்கக் கொடியைக் கிழிக்கிறார் என்று தோன்றியது. அங்கே ஒரே ஆரவாரம். இரண்டு போலீஸ்காரர்கள்தான் காவல். அவர்களைத் தள்ளிக்கொண்டு பன்னீரும் பத்துப் பதினைந்து பேரும் உள்ளே ஓடி வந்துவிட்டார்கள். பன்னீர் கையில் தீப்பெட்டி. முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க நம்ம ஆளுதான்னு எனக்குத் தெரியும் சார். குடுங்க, நாங்க கொளுத்தறோம்."

நான் எழுந்து கொடிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றேன். "கொளுத்தறதுக்கு இல்லடா பிரிக்கறோம். தச்சதுல தப்பு. சரி பண்ணி ஏத்தப் போறோம்."

அவன் சிரிப்புப் போய்விட்டது. "ஏத்தப் போறீங்களா? நம்ம ஜனங்கள வெட்டுனவங்க கொடிய? நீங்களா?"

எனக்குப் பின்னால் புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த தில்லையம்பலம் எழுந்து வந்தார். கோல்கீப்பர் சட்டையைப் பார்த்து அவரையும் சிங்களவர் என்றே பன்னீர் நினைத்திருக்க வேண்டும். அவர் வாயைத் திறந்ததும் ஒரு அடி பின்னால் போனான்.

"தம்பி, வெட்டினவங்கள்தான். நான் கண்ணால கண்டனான். எங்கட வீடும் எரிஞ்சது."

"பின்ன ஏங்க இதைப் பிடிச்சிக்கிட்டு நிக்கறீங்க?" என்றான் பன்னீர். குரல் தாழ்ந்திருந்தது. "கொடியில கோடு போட்டுக் குடுத்தாங்களாம். போட்டுட்டுத்தானே வெட்டுனாங்க?"

தில்லையம்பலம் கையில் ஒட்டியிருந்த நூலை உதறினார்.

"ஓம். போட்டுத்தான் வெட்டினவங்கள். இந்தக் கோட்டையும் எடுத்துப்போட வேணும் எண்டு கேக்கிற ஆக்கள் அங்க இருக்கினம். அவை எடு எண்டினம். நீங்கள் கொளுத்து எண்டுறியள். ரெண்டு பக்கத்தாலும் எரியப் போறது என்ர கோடுதானே? வெட்டினவனுக்காக என்ர பங்கை நான் ஏன் விட்டுக் குடுக்க வேணும்?"

தையல்காரர் தலையைத் தூக்காமல் கடைசிச் சாண் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பன்னீர் புல்லில் விரிந்து கிடந்த துணியைப் பார்த்தான். காவிக் கோடு மடிப்பு விழுந்து கசங்கிக் கிடந்தது. தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"கறுப்புக் கொடிய நாங்க இறக்க மாட்டோம் சார்."

"இறக்காதே. அது உன்னோட உரிமை. ஆனா வாசலுக்குப் போயிப் பிடி" என்றேன். போனான். போகும்போது தன் ஆட்கள் இரண்டு பேரை, வாயை மூடிக்கொண்டு நடங்கடா என்று அதட்டிக்கொண்டு போனான்.

பட்டி போனபின் கம்பத்தில் கொடியை எதில் கோப்பது? அந்தக் காலப் பந்துக்கு வாய்ப்பக்கம் தோல் வார் போட்டுக் கட்டுவோம். கிழிந்தால் தைக்க வளைந்த ஊசியும் மெழுகு நூலும் எப்போதும் என் பெட்டியில் இருக்கும். நான் ஊசியால் ஓரத்தில் ஆறு இடத்தில் குத்த, தில்லையம்பலம் வாரைக் கோத்துக் கம்பத்தோடு இறுக்கிக் கட்டினார். கட்டும்போது நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். கொடி குட்டையாக இருந்தது தெரிந்தும் சந்தோஷப்பட்டு எடுத்து வந்தேன், தையல்காரர் மேல் பழியில்லை என்றேன். அவர் கடைசி முடிச்சைப் போட்டு இறுக்கினார். பிறகு, "இப்ப அளந்து பாருங்கோ" என்றார். டேப்பை எடுத்து அளந்தேன். ஆறடிக்கு நாலடி, சரியாக இருந்தது.

கம்பங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தன. மேனேஜரும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இலங்கைக் கம்பத்துக்குத் தோள் கொடுத்தார். அணிகள் வரிசையில் நின்றன. கேலரியில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் கூச்சல் போட்டார்கள். வாசலில் கறுப்புக் கொடி அசையாமல் நின்றது. தில்லையம்பலம் வரிசையின் கடைசியில் நிமிர்ந்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன்.

ஐந்து இருபதுக்குத்தான் விசில் ஊத முடிந்தது. அறுபது நிமிஷ ஆட்டமாகக் குறைத்தோம். ஒரு கோலில் அவர்கள் தோற்றார்கள். அந்த ஒன்றைத் தவிர வேறெதையும் தில்லையம்பலம் உள்ளே விடவில்லை. வீட்டுக்குப் போனபோது அத்தான், "ஏத்துனியா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கோடு பற்றிய பேச்சை இரண்டாம் தரமும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு படுத்துக்கொண்டார்.

மறுநாள் கமிட்டி கூடியது. ஆட்டத்தைத் தாமதப்படுத்தியது, பொது இடத்தில் தலைவரை எதிர்த்துப் பேசியது, அனுமதியில்லாமல் கொடியைப் பிரித்தது என்று என் மேல் மூன்று புகார். தையல்காரருக்கு இனி வேலை கொடுப்பதில்லை என்று முடிவெடுக்கப் போனார்கள். கொடியை வாங்கி வந்தவன் நான், அவரைத் தொட்டால் நடக்காது என்று மேஜையைத் தட்டினேன். அதை விட்டுவிட்டார்கள். தலைவரை எதிர்த்துப் பேசியதற்கு அங்கேயே எழுந்து அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். வயசுக்கு அது நான் பட்ட கடன். மற்ற இரண்டுக்கும் எழுத்தில் மன்னிப்புக் கடிதம் வேண்டும், தந்தால் பதவியில் இருக்கலாம், மூன்று நாள் கெடு என்றார்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். தப்பே செய்யாதவன் போல விறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். நான் தப்புச் செய்திருந்தேன். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவன் கொடியை அளக்காமல் விட்டவன் நான். மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான். யாரிடம் கேட்பது என்பதை மட்டும் கமிட்டி சொல்லி நான் கேட்க மாட்டேன்.

இரண்டாம் நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். ஒரு வரி விடாமல், நான் நினைத்ததையும் செய்ததையும் எழுதி, இதற்காக மன்னிக்க வேண்டும் என்று முடித்தேன். காலையில் தபாலாபீசுக்குப் போய் ரிஜிஸ்டர் செய்தேன். உறையில் எழுதியிருந்த பெயர் தில்லையம்பலம், அணி ஊர் திரும்பும் முன் அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன, யாழ்ப்பாணத்தில் அவர் அம்மா வீட்டு விலாசம். அதன் நகல் ஒன்றைக் கொண்டுபோய்த் தலைவரின் கடையில், அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு, "இது எங்களுக்கு எழுதுன லெட்டர் இல்லையே மாஸ்டர்" என்றார்.

"இல்லைங்க ஐயா. நான் எழுத வேண்டிய லெட்டர் இது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, துணைச் செயலாளர் அறைச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன்.